ராஜாவுக்குத் தீனி போட்டது யார்?

வண்ண மீன் கடை வைத்துப் பிழைத்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஒன்றையே சொல்வார்கள்: தொட்டியில் மீன் பட்டினியால் சாவதில்லை, போடுகிறவர் கை தாராளத்தால்தான் சாகிறது. அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்துச் சந்து ஒன்றில் பல வருடம் அந்தக் கடையை நடத்தினேன். கோல்டு ஃபிஷ், மோலி, ஃபைட்டர், லவ் பேர்ட்ஸ், வெள்ளெலி எல்லாம் உண்டு. நேற்று வாங்கிப் போன மீன் இன்றைக்கு மிதக்கிறது என்று பிளாஸ்டிக் கவரோடு வருகிறவரிடம் என் முதல் கேள்வி, "எத்தினி தபா தீனி போட்டீங்க?" என்பதுதான். அவர் மனைவியைப் பார்ப்பார். மனைவி மாமியாரைப் பார்ப்பார். யாரும் போட்டிருக்கமாட்டார்கள், மீன் மட்டும் வயிறு வெடித்துச் செத்திருக்கும்.

தினமும் இப்படிக் கேட்டுக் கேட்டு, யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுவது எனக்குத் தொழில் வியாதியாகிவிட்டது. "நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று அடுத்தவர் செல்லப் பிராணியை வாங்கி வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டவர்களே, நான் பட்ட பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்கள் படித்துவிட்டு, அப்படி யாராவது கேட்டு வந்தால் கடையைச் சாத்திவிடுங்கள்.

தலையணை உறையில் வந்த விருந்தாளி

தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த காலம். பட்டாபிராமிலிருந்து ஒருவர் என்னிடம் மீன் வாங்க வருவார். கப்பலில் இன்ஜினியர். பாதி வருடம் கடலில், பாதி வருடம் வீட்டில். பொங்கல் முடிந்த கையோடு ஒரு நாள் வந்தவர், மீனைப் பார்க்காமல் என் மேஜைமேல் ஒரு தலையணை உறையை வைத்தார். அது நெளிந்தது. முடிச்சை அவிழ்த்தார். ஆரஞ்சும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக ஒரு பாம்பு தலையை நீட்டி என் கடையை நோட்டம் விட்டது. வெளிநாட்டில் சோளம் கொட்டி வைக்கிற இடங்களில் எலி பிடித்துத் திரிகிற ஜாதியாம். சோளப் பாம்பு என்று பெயர். விஷம் கிடையாது. குஞ்சிலிருந்து வளர்க்கிறாராம், பெயர் ராஜா. அவர் மறுபடி கப்பல் ஏற வேண்டும். பாம்பு இருக்கிற வீட்டில் தான் இருக்க முடியாது என்று அவர் மனைவி பெட்டி கட்டிவிட்டாராம்.

ராஜாவுக்கு முன்னால் ஒரு பாம்பு வைத்திருந்தார். அவர் கடலில் இருந்தபோது பார்த்துக்கொண்ட சிநேகிதர், பாசம் தாங்காமல் எலி எலியாகப் போட்டிருக்கிறார். அது கொழுத்து, ஈரல் கெட்டு, செத்துவிட்டது. இதைச் சொல்லும்போது அந்த ஆறடி மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மனசு இளகிப் போய்ச் சரி என்றேன். வாரம் விட்டு வாரம் ஒரே ஒரு வெள்ளெலி, அவ்வளவுதான் சாப்பாடு. இப்போது அரைக் கிலோ இருக்கிறான், தான் ஆடி முடிந்து வரும்போதும் அரைக் கிலோதான் இருக்க வேண்டும் என்றார். படி இறங்கியவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இன்னொரு பாம்பை என்னால புதைக்க முடியாது அண்ணே."

விஷம் இல்லை என்று யார் சொன்னது?

ராஜாவைக் கண்ணாடித் தொட்டியில் தேங்காய் நார் பரப்பி விட்டு, கம்பி வலை மூடி போட்டு, 'விஷமற்றது' என்று அட்டையில் எழுதி ஒட்டினேன். அந்த அட்டை வந்த பிறகுதான் சந்தில் பயமே வந்தது. விஷம் இல்லாத பாம்புக்கு எதற்கு அட்டை என்று கேட்டார்கள். சென்னீர்குப்பத்திலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர், இது கண்ணாடி விரியனேதான், நான் சாயம் அடித்து ஏமாற்றுகிறேன் என்று அடித்துச் சொன்னார். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கட்டுமா என்றும் கேட்டார். நான் மூடியைத் திறந்ததும் அவசர வேலை இருக்கிறதென்று கிளம்பிவிட்டார்.

யாரோ போய்ச் சொல்லி, பீட் கான்ஸ்டபிள் ஒருவர் வந்துவிட்டார். நான் கப்பல்காரர் கதையிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். அவர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு ராஜாவை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "விஷம் இல்லேன்னு நீ சொல்றே. அது தன் வாயால ஒரு வார்த்த சொல்லட்டும், நான் போயிக்கினே கீறேன்."

தணிகாசலத்தின் தராசு

எங்கள் சந்து முனையில் தணிகாசலம் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். ராஜாவைப் பையில் போட்டுக்கொண்டு மாதம் ஒருமுறை அவர் தராசுக்குத்தான் போவேன். முதல் சில மாதம் முள் அசையவில்லை, அரைக் கிலோ அரைக் கிலோதான். வைகாசியில் ஒரு நாள் வைத்தேன். ஐம்பது கிராம் கூடியிருந்தது. ஆனியில் இன்னும் ஒரு ஐம்பது.

அளவாகத்தானே போடுகிறேன்! உடனே தணிகாசலத்தின் மேல்தான் சந்தேகம் வந்தது. அவர் தராசைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு கிடையாது, கட்டுக் கட்டாகப் பேப்பர் போட்டாலும் கொசுறு மாதிரிதான் காட்டும். தட்டைத் திருப்பிப் பார்த்தேன், படிக்கல்லைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தேன், தராசுக் காம்பில் காந்தம் கீந்தம் ஒட்டியிருக்கிறதா என்று தடவினேன். அவர் பேப்பர் கட்டிக்கொண்டிருந்த சணலைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணாத்தே, என் தராசு கம்மியா காட்டுதுன்னு ஊரே சொல்லும். ஜாஸ்தியா காட்டுதுன்னு சொன்ன மொத ஆளு நீதான்!"

சாப்டியா?

தராசு யோக்கியம் என்றால் வேறு யாரோ அயோக்கியம். யாரோ ராஜாவுக்குத் திருட்டுத் தீனி போடுகிறார்கள். யார்? கடையில் என்னை விட்டால் குமார்தான். குமார் என் மனைவி சரசுவின் தம்பி, முப்பது வயது ஆள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவன் வேலை பார்த்த கம்பெனி மூடியதிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாடு, என் கடையில் வேலை. தங்கமான மனுஷன். ஒரே ஒரு கெட்ட பழக்கம், யாரைப் பார்த்தாலும் "சாப்டியா?" என்று கேட்பான். அது எல்லாரும் கேட்பதுதான். ஆனால் நாமெல்லாம் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவோம். குமார் பதிலுக்கு நிற்பான். இல்லை என்று சொன்னால் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வான். மீனும் கிளியும் பதில் சொல்லாது அல்லவா, அதனால் அவற்றுக்கு எப்போதும் பசி என்றே வைத்துக்கொண்டான். அவன் வந்த முதல் மாதத்தில் எத்தனை மோலி மிதந்தது என்பது எனக்கும் சாக்கடைக்கும்தான் தெரியும்.

வெள்ளெலிக் கூண்டில் எலி குறைகிறதா என்று எண்ணிப் பிடித்துவிடலாம் என்று பார்த்தேன். எலி வளர்த்தவர்கள் சிரிக்காதீர்கள். காலையில் எண்ணினால் ஒரு கணக்கு, மத்தியானம் குட்டி போட்டு வேறு கணக்கு. கடைசியில் குமாரையே நேராகக் கேட்டேன். போடவில்லை என்றான். நம்பாமல் முறைத்தேன். அவன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "போடல மாமா. ஆனா எனக்கு ஒரு நாளிக்கு மூணு வேள, அதுக்கு மாசத்துக்கே ரெண்டு வேள. அதும் மூஞ்சப் பாத்துகினு எனக்கு எப்டி சோறு எறங்கும், சொல்லு?"

மாட்டு டாக்டர்

ஆவடியில் ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர் ஒருவர் இருந்தார். வாழ்நாள் முழுக்க மாடு பார்த்தவர். பாம்பு என்றதும் முதலில் கதவையே திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கதை முழுக்கக் கேட்டு, பரிதாபப்பட்டு உள்ளே விட்டார். ராஜாவைத் தூரத்தில் நின்று கண்ணால் பார்த்தார், பிறகு ஒரு விரலால் தொட்டார், பிறகு தைரியம் வந்து வால் பக்கம் அமுக்கிப் பார்த்தார். பின்பக்கமாகக் கொழுப்பு சேருகிறது, மாட்டுக்கும் இப்படித்தான் சேரும், தீனியைக் குறைத்து நடக்க விடு என்றார்.

காலில்லாததை எப்படி நடக்க விடுவது என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படியே கொழுத்தால் ஈரல் தாங்காது, ஒரு மாதம் தாண்டாது என்று பயமுறுத்தினார். எனக்குக் கப்பல்காரரின் கண் ஞாபகம் வந்தது. இந்த ஒரு பாம்பு என் கையில் செத்தால் அந்த மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று வியர்த்துப் போய் வெளியே வந்தேன். டாக்டர் பின்னாலேயே வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்தி, எனக்கு ஏற்கனவே இருந்த வியாதிக்கு உரம் போட்டார்: "நீ அளவாத்தான் போடறேன்னு சொல்றது உண்மைன்னா, உன் ஊட்டு ஆளுங்களத்தான் நீ பாக்கணும்."

மொட்டை மாடியில் அம்மன்

மறுநாள் காலையிலிருந்து ராஜாவுக்கு மொட்டை மாடியில் நடைப்பயிற்சி. நான் ஒரு முனையில் விட்டால் அது மறு முனைக்குப் போகும், நான் ஓடிப் போய்த் திருப்பி விடுவேன். ஒரு வாரத்தில் நான்தான் இளைத்தேன். கடைக்கும் நாங்கள் குடியிருந்த பின்கட்டுக்கும் சொந்தக்காரியான அம்மா மாடியில் குடியிருந்தார். ஆடி முதல் வெள்ளியன்று துணி உலர்த்த வந்தவர், காலைச் சூரியனில் செக்கச் செவேல் என்று வரும் ராஜாவைப் பார்த்து ஈரப் புடவையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று மாலையே தொட்டி முன்னால் ஒரு கிண்ணம் பால், இரண்டு கோழி முட்டை, மஞ்சள், குங்குமம் எல்லாம் வந்துவிட்டது.

பாம்பு பால் குடிக்காது என்றால் நீ நாத்திகனா என்று கேட்டார். கிண்ணத்தைப் பார்த்தேன். பால் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி எங்கே? பூனையா, ராஜாவா, குமாரா? அந்த வாரம்தான் இன்னொரு விஷயமும் நடந்தது. நான் வைத்த வெள்ளெலியை ராஜா முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த முறையும் அப்படியே. நீங்களே சொல்லுங்கள், பந்தியில் உட்கார்ந்தவன் இலையைத் தொடாமல் எழுந்தால் என்ன அர்த்தம்? வேறு எங்கேயோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான் என்றுதானே. வயிறு வேறு நாளுக்கு நாள் உப்பிக்கொண்டே போகிறது! வீட்டுக்கார அம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டு, இனிமேல் எதுவும் வைக்காதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "அம்மன் துன்றத கணக்குப் பாக்குறவன நான் இப்பத்தான்டா பாக்குறேன்."

டீக்கடையில் ஒளிந்த கதை

கையும் களவுமாகப் பிடித்தால்தான் உண்டு என்று முடிவு செய்தேன். கொளத்தூருக்கு மீன் எடுக்கப் போவதாகக் குமாரிடம் சொல்லிவிட்டு, பாதி ஷட்டர் இறக்கச் சொல்லி, சந்தின் பின்பக்கமாகச் சுற்றி வந்து எதிர் டீக்கடையில் தினசரிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மத்தியான வெயிலில் ஒரு ஊர்வலமே நடந்தது. எஸ்.டி.டி. பூத்துப் பெண் நாலு பிஸ்கட் கொண்டு வந்தது. தள்ளுவண்டியில் மக்காச்சோளம் வேகவைத்து விற்பவர் ஒரு கதிரோடு வந்தார், சோளப் பாம்பு என்றால் சோளம்தானே தின்னும் என்று. மேல் வீட்டு அம்மா அவித்த முட்டையோடு வந்தார். பச்சையாகக் கொடுத்தது பிடிக்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ! எல்லாரிடமும் குமார் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டான். அவர்கள் போன பிறகு தொட்டிப் பக்கம் போய், மூடியைத் திறந்து, குனிந்தான்.

தினசரியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினேன். ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தபோது தலையில் இடித்தது வேறு. குமார் வாயில் பாதி முட்டை இருந்தது. "அதுக்குப் போடல மாமா, குடுத்தவங்க மனசு நோவக் கூடாதுன்னு நானே துன்னேன்" என்றான். பிறகு எதற்கு மூடியைத் திறந்தாய் என்றேன். ரெண்டு தடவையாக எலியைத் தொடவில்லையே, உடம்புக்கு ஏதாவதா என்று பார்த்தேன் என்றான். எனக்கு இருந்த ஆத்திரத்தில், தலை வலியில், எதைச் சொல்லக் கூடாதோ அதைச் சொல்லிவிட்டேன். "ஊட்ல துன்றது பத்தாம இங்கயுமா?" என்று கேட்டுவிட்டேன். டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

குமார் வாயில் இருந்ததை மெதுவாக விழுங்கினான். பாக்கெட்டிலிருந்து கடைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஷட்டருக்கு வெளியே போய், குனிந்து உள்ளே பார்த்துச் சொன்னான்: "பாம்பு குண்டானதுக்கு நான் காரணம் இல்ல மாமா. நான் குண்டானதுக்கு நீதான் காரணம், அதுக்கு ரொம்ப தேங்ஸ்."

பாய் எடுத்த அளவு

குமார் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு காலேஜ் கேன்டீனில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். நல்லது, இனி ராஜா இளைப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ராஜா இளைக்கவில்லை. எலியையும் தொடவில்லை.

பக்கத்துக் கடை மஸ்தான் பாய் பூந்தமல்லிக்காரர், பெண்களுக்கு ரவிக்கை தைப்பதில் பெயர் எடுத்தவர். ராஜாவை எடை போடும் பையையும் அவர்தான் சுருக்குக் கயிறு வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார். பை இறுக்குகிறது, பெரிதாகத் தைக்க வேண்டும் என்று போனேன். பாயும் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, நான் தலையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு இடத்தில் சுற்றளவு எடுத்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி எடுத்தார். உங்கள் துணி சுருங்கிவிட்டதை மறைக்கத்தானே இத்தனை ஜோடனை என்று கேட்டேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "துணி மேல பழியப் போடாத நைனா. துன்னு குண்டாவறவங்க மேலயும் கீழயும் சேந்துதான் குண்டாவாங்க. இதுக்கு நெஞ்சு பை தச்சப்ப எடுத்த அளவுதான் கீது, இடுப்பு மட்டும் எங்கியோ போய்க்கீது."

கோலமாவு

குமார் போய்விட்டான், ஆனாலும் தீனி நிற்கவில்லை. அப்படியென்றால் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது? சரசுவிடம். பாம்பைக் கண்டால் காத தூரம் ஓடுகிறவள்தான். ஆனால் தம்பியைத் துரத்திய கோபம் இருக்கிறதே! குமார் போன நாளிலிருந்து அவள் எனக்கு ஒரு வேளைதான் பரிமாறினாள். கேட்டால், பாம்புக்கு நல்லதென்றால் உனக்கும் நல்லதுதான் என்றாள். என்னைப் பழி வாங்க அவளே ராஜாவுக்குப் போட்டால்? இப்படியும் ஒரு மனிதன் யோசிப்பானா என்று கேட்காதீர்கள். டாக்டர் சொன்ன கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. தினமும் கடையைத் திறக்கும்போது ராஜா செத்துக் கிடப்பான் என்று நினைத்துக்கொண்டேதான் திறந்தேன்.

ஒரு நாள் கடையை மூடும்போது தொட்டியைச் சுற்றித் தரை முழுக்கக் கோலமாவைத் தூவி வைத்தேன். காலையில் முதல் வேலையாகப் போய் ஷட்டரைத் தூக்கினேன். மாவில் ஒரே ஒரு ஜோடிச் செருப்புத் தடம்தான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தேன், என் செருப்பு! தூவிவிட்டுத் திரும்பி வந்தவன் நான்தான். ஆனால் என் புத்தி அப்போது அங்கே போகவில்லை. யாரோ என் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று சரசுவிடம் போய் நின்றேன். அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை: "யோவ், உன் செருப்புக்குள்ள யாரு காலு இருந்துச்சுன்னு அந்தச் செருப்பையே கேளு. எனக்கு என் தம்பி சாப்ட்டானான்னு கேக்கவே இங்க ஆளில்ல."

நாருக்குள் கிடந்தது

ஆடி முடிந்தது. பூத்துப் பெண் ஓடி வந்து, கப்பல்காரர் பேசினார், ஞாயிற்றுக்கிழமை நேராகக் கடைக்கே வருகிறாராம் என்றது. அதற்கு முந்தின வாரம் ராஜா சட்டை உரித்திருந்தான். அதன் பிறகு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாமல் கண்ணாடியை முட்டி முட்டி அலைந்தான். ஞாயிறு காலை கடையைத் திறந்தேன். தொட்டி மூலையில் தேங்காய் நாரைச் சுற்றி ராஜா சுருண்டிருந்தான். நாருக்குள் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. விலக்கினேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மஞ்சள் பாரித்த சின்னச் சின்ன முட்டைகள்.

எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. கோழி முட்டை வைத்து, அவித்த முட்டை வைத்து, மேல் வீட்டு அம்மா இப்போது புறா முட்டைக்கு மாறியிருக்கிறார்! மாடிப்படியில் நின்றுகொண்டு நான் போட்ட சத்தத்தில் சந்தே கூடிவிட்டது. சத்தம் கேட்டு ஓடி வந்த சரசு, அத்தனை மாதத்தில் முதல் முறையாகத் தொட்டிக்குக் கிட்டப் போய் எட்டிப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "புள்ளத்தாச்சியப் போயி மாடியில ஓட உட்டிருக்கியேய்யா, பாவி!" என்றாள்.

மஸ்தான் பாய், நான் அப்போதே இடுப்பளவு சொல்லவில்லையா என்று கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலப்பன்சாவடிக்குக் கிளம்பினார். யாரும் அவரை அனுப்பவில்லை. அவர் குமாரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, கப்பல்காரர் வந்துவிட்டிருந்தார். பூத்துப் பெண் போன் போட்டுச் சொன்னதில் ஆவடி டாக்டரும் ஆட்டோவில் வந்து இறங்கினார். டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொழுப்பு என்று தான் சொன்னது முட்டையைத்தான் என்று புது விளக்கம் சொன்னார். முட்டை நிறைந்த வயிற்றில் எலிக்கு இடமிருக்காது, அதனால்தான் தொடவில்லை, எடையும் அதனால்தான் கூடியது. ஆண் துணை வேண்டியதில்லை, பண்ணைக் கோழி சேவலைப் பார்க்காமலே முட்டை போடுகிறதே அந்த மாதிரிதான், இது பொரிக்காது என்றார். கப்பல்காரர் ராஜா ராஜா என்று இத்தனை வருடம் கூப்பிட்டதற்காகப் பாம்பிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் மேல் வீட்டு அம்மா அதை ராஜாத்தி ஆக்கிவிட்டார்.

எல்லாரும் நம்பினார்கள். எனக்கு மட்டும் அந்தக் கோழிக் கதை முழுசாக இறங்கவில்லை. ஆண் இல்லாமல் எப்படி? யாராவது ஒரு ஆண் பாம்பை நான் இல்லாத நேரத்தில்... யோசித்துக்கொண்டே நான் தலையைத் திருப்ப, என் பார்வை பழக்க தோஷத்தில் குமார் மேல் போய் நின்றுவிட்டது. அவன் பாயின் சைக்கிள் கேரியரிலிருந்து இன்னும் இறங்கக்கூட இல்லை. "இன்னா மாமா, அதுக்கும் என்னியேவா பாக்கறே?" என்றான்.

சந்து சிரித்து அடங்கிய பிறகு கப்பல்காரர் பாம்பைக் கையில் எடுத்தார். தோல் தொள தொளவென்று தொங்கியது, முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. டாக்டர், இனிமேல்தான் கவனிக்க வேண்டும், உடம்பில் இருந்ததெல்லாம் முட்டைக்குப் போய்விட்டது, கொஞ்சம் கொஞ்சமாக ஆனால் அடிக்கடி போட்டுத் தேற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்காது என்றார். கப்பல்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் மனைவி வீட்டுக்குள் விடமாட்டார், இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும், ஆனால் வேளை தவறாமல் பார்த்துப் போட ஆள் வேண்டுமே என்று என்னைப் பார்த்தார். நான் சரசுவைப் பார்த்தேன். சரசு என்னைப் பார்க்கவில்லை.

மேஜை டிராயரைத் திறந்து குமார் வைத்துவிட்டுப் போன சாவியை எடுத்துக்கொண்டு சைக்கிள் கிட்டப் போனேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்றுதான் போனேன், வாயில் வந்தது ஒன்றுதான். "சாப்டியா குமாரு?" என்று கேட்டேன். அவன் என் வீட்டில் இருந்த காலமெல்லாம் நான் அவனை அப்படிக் கேட்டதில்லை. கேட்டுவிட்டு, பதிலுக்கும் நின்றேன். அவன் என் கையிலிருந்த சாவியையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கேரியரிலிருந்து இறங்கிச் சாவியை வாங்கிக்கொண்டான்: "இன்னும் இல்ல மாமா. மொதல்ல அதுக்குப் போட்டுட்டு வந்துர்றேன்."

ஆடி மாதம் முழுக்கத் தீனி போட்டவனைத் தேடித் தேடி ஓய்ந்தேன், கடைசியில் தீனி போட ஒரு ஆள் வேண்டும் என்றபோது அவன் என் கடை வாசலிலேயே, அதுவும் சாப்பிடாமல், வந்து நின்றான்.